வாட்ஸ் அப்புறம், தண்ணி முதல்ல: டைல்ஸ் வெட்டவும் கல் ஓரம் தீட்டவும் என்ன மெஷின் வாங்கலாம்?

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கி, வாசிக்க ஏதுவாகச் சுருக்கித் திருத்தியது.)

மேஸ்திரிகிட்ட சில வருஷம் வேலை பார்த்துட்டு, தனியா சைட் எடுக்க ஆரம்பிக்கிற தம்பிங்க பெரும்பாலும் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: "அண்ணே, என்ன மெஷின் வாங்கலாம்? எத்தனை வாட்ஸ் எடுத்தா நல்லா இருக்கும்?" இன்னைக்கு எபிசோடு முழுக்க அந்தக் கேள்விக்குத்தான். டைல்ஸ் வெட்டுற மெஷின், வெட்டின ஓரத்தைத் தீட்டிப் பாலிஷ் போடுற மெஷின், ரெண்டையும் எப்படித் தேர்ந்தெடுக்கிறதுன்னு பார்க்கலாம்.

என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். வாட்ஸைக் கடைசியாப் பாருங்க. முதல்ல பார்க்க வேண்டியது, அந்த மெஷின்ல வெட்டுற இடத்துக்குத் தண்ணி எப்படி வந்து சேருது என்பதை. தண்ணி மூணு வேலை செய்யுது. பிளேடைச் சூடாக விடாம காப்பாத்துது. வெட்டின தூளைக் கழுவி வெளியே தள்ளி, ஓரம் சில்லு பேராம பார்த்துக்குது. மூணாவது, தூசியைக் காத்துல பறக்க விடாம சேறா மாத்துது. முதல் ரெண்டும் வேலைத் தரத்துக்கு. மூணாவது உங்க ஆயுசுக்கு. அதனால அங்கிருந்தே தொடங்குவோம்.

தூசியில என்ன இருக்கு?

கிரானைட், விட்ரிஃபைட் டைல்ஸ், சாண்ட்ஸ்டோன், சிமெண்ட் எல்லாத்திலும் சிலிக்கா என்ற கனிமம் இருக்கு. மணல்ல இருக்கிற அதே பொருள்தான். மெஷின் பிளேடு அதை மாவாக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடியாகிறது. நம்ம தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். நுரையீரலின் அடி வரைக்கும் போகிற தூசி 10 மைக்ரானுக்கும் குறைவு. மூக்குல, தொண்டையில நிக்கிற தூசியை நாம துப்பிடுறோம். இந்தப் பொடி உள்ளே போய்த் தங்கி, நுரையீரலைத் தழும்பாக்கி இறுக்கமாக்குகிறது. அதுக்குப் பேர் சிலிக்கோசிஸ். வந்தபின் குணப்படுத்த மருந்து கிடையாது. காசநோய் வரும் ஆபத்தையும் அது கூட்டிவிடும். இந்தியச் சட்டத்தில் இது அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்சார் நோய்களில் ஒன்று.

எவ்வளவு தூசி அதிகம்னு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அமெரிக்காவில் தொழிலாளர் பாதுகாப்பைக் கவனிக்கும் ஓஷா என்ற அரசு அமைப்பு, 2016-ல் ஒரு வரம்பு வைத்தது. சுவாசிக்கிற காத்துல, ஒரு கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம் நுண்சிலிக்கா. 8 மணி நேர சராசரி அது. நம்ம ஊர் பாத்ரூம் 5-க்கு 8 அடி, உயரம் 9 அடின்னா, சுமார் 10 கன மீட்டர். அதாவது அந்த அறை முழுக்கச் சேர்த்து அரை மில்லிகிராம். தூள் உப்புல ஒரு பத்துத் துகள் எடுத்தா அந்த எடைதான் வரும். கதவைச் சாத்திக்கிட்டு கிரைண்டரால ஒரே ஒரு டைல்ஸை காய்ஞ்சபடி வெட்டினா அறை வெள்ளையா ஆகுதே, அதை நினைச்சுப் பாருங்க.

எல்லாக் கல்லும் ஒண்ணு இல்லை. மார்பிள் பெரும்பாலும் கால்சைட், அதில் சிலிக்கா குறைவு. கிரானைட்ல கால்வாசி அளவுக்கு இருக்கும். சமையல் மேடைக்கு இப்ப வர்ற செயற்கை குவார்ட்ஸ் பலகைகளில் 90 சதவீதத்துக்கு மேலேயும் இருக்கும். இந்தப் பலகையை வெட்டின இளவயசுத் தொழிலாளர்களுக்கு சிலிக்கோசிஸ் வந்ததைப் பார்த்துத்தான், ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதைத் தடை செய்தது. நம்ம ஊர்ல தடை இல்லை. அதனால பொறுப்பு நம்ம கையில.

மெஷினே தேவைப்படாத வெட்டு

முதல்ல வாங்க வேண்டிய கருவிக்கு கரண்ட்டே வேண்டாம். கையால இழுக்கிற டைல் கட்டர். சின்னச் சக்கரத்தால ஒரு கோடு கீறி, அழுத்தினா டைல்ஸ் அந்தக் கோட்டிலேயே உடையும். தூசி கிட்டத்தட்ட இல்லை, சத்தம் இல்லை, தண்ணி வேண்டாம், வேகமும் அதிகம். சுவர் டைல்ஸ், தரை விட்ரிஃபைட் ரெண்டிலும் நேர் வெட்டு எல்லாம் இதுலயே முடியும்.

தேர்ந்தெடுக்கும்போது மூணு விஷயம் பாருங்க. ஒண்ணு, நீளம். 600-க்கு 600 டைல்ஸை மூலைக்கு மூலை வெட்டணும்னா 849 மி.மீ வேணும். 600 மி.மீ கட்டர் அதுக்குப் போதாது. ரெண்டு, தண்டு. ரெண்டு தண்டிலும் சக்கரம் ஓடுற தலையைப் பிடிச்சு ஆட்டிப் பாருங்க, லொடலொடன்னு ஆடினா விட்டுடுங்க. மூணு, சக்கரம். தனியா மாத்தக் கிடைக்குதான்னு கடையில கேளுங்க. மொட்டையான சக்கரத்தோட இழுத்துட்டு "விட்ரிஃபைட்ல இது வேலைக்காகாது"ன்னு கட்டரைக் குறை சொல்றவங்க நிறைய.

எல் கட், வட்டம், 45 டிகிரி மைட்டர், கிரானைட் படி, சமையல் மேடை, ஓரத்துல ஒரு விரல் அகலத்துக்கும் குறைவான பட்டி: இதெல்லாம்தான் மெஷின் வேலை. இந்தக் கட்டர் கையில இருந்தா, மெஷினை ஆன் பண்ற தடவைகள் பாதிக்கும் கீழே வந்துடும்.

4 இன்ச் மார்பிள் கட்டரா, ஆங்கிள் கிரைண்டரா?

ரெண்டும் கைக்கு அடக்கமா இருக்கும், ஆனா வேலை வேற. மார்பிள் கட்டருக்குக் கீழே தட்டையான தகடு இருக்கு. அது டைல்ஸ் மேல உட்கார்ந்து ஓடுவதால் ஆழம் மாறாது, பிளேடு சாயாது. பெரும்பாலும் 110 மி.மீ பிளேடு, நடு ஓட்டை 20 மி.மீ. 4 இன்ச் கிரைண்டருக்கு 100 மி.மீ, ஓட்டை பெரும்பாலும் 16 மி.மீ. நேர் வெட்டுக்குக் கட்டர், வளைவுக்கும் ஓரம் தேய்க்கவும் கிரைண்டர்.

மார்பிள் கட்டர் வாங்கும்போது, தண்ணிக் குழாய் மாட்டுற வசதியோட வர்ற மாடலைக் கேளுங்க. சின்ன வால்வு, குழாய், பிளேடு மேல சொட்டுற முனை இருக்கும். இது இல்லாம வாங்கினா என்ன நடக்கும்னு எல்லா சைட்லயும் பார்க்கிறோம். குளிர்பான பாட்டில் மூடியில ஓட்டை போட்டு, ஹெல்பர் பக்கத்துல குந்தி உட்கார்ந்து பீய்ச்சுவார். தண்ணி பாதி பிளேடுல, பாதி மோட்டார்ல. தூசியும் முழுசா அடங்காது, ஷாக் அடிக்கிற வழியும் திறந்தாச்சு.

இன்னொரு விஷயம். ஓஷா விதியில ஒரு அட்டவணை இருக்கு. தண்ணி வசதியோட நிலையா நிக்கிற கல் வெட்டும் மெஷினை முறையா ஓட்டினா, மாஸ்க் கட்டாயமில்லை. தண்ணி வசதி இருந்தாலும் கையில பிடிச்சு வெட்டுற மெஷினை அறைக்குள்ள ஓட்டினா, மாஸ்க் கட்டாயம். காரணம் எளிது. கையில இருக்கும் மெஷின் முகத்துக்குப் பக்கத்துல இருக்கு. அதனால கட்டர் வாங்குற அன்னைக்கே மாஸ்க்கும் வாங்குங்க. துணியோ, துண்டோ, பச்சைக் கலர் சர்ஜிகல் மாஸ்க்கோ இதுக்கு உதவாது. என்95 அல்லது ஐ.எஸ். 9473 முத்திரையோட எஃப்எஃப்பி2 வேணும். மூக்கு ஓரத்துல காத்து கசியாம ஒட்டி உட்காரணும். தாடி இருந்தா ஒட்டாது.

டேபிள் வெட் சா எப்பத் தேவை?

வெட் சா என்றால் தொட்டி, பம்பு, மேசை, பெரிய பிளேடு எல்லாம் சேர்ந்த மெஷின். தொட்டித் தண்ணியையே பம்பு சுத்தி சுத்திப் பிளேடுக்கு அனுப்பும். இதில் ரெண்டு வகை. ஒண்ணுல பிளேடு அப்படியே நிக்கும், டைல்ஸைத் தள்ளணும். இன்னொண்ணுல டைல்ஸ் நிக்கும், தலைக்கு மேல ரெயில்ல மோட்டார் ஓடும். 300-க்கு 450, 600-க்கு 600 வரைக்கும் முதல் வகை போதும். 600-க்கு 1200, அதாவது நாம 2-க்கு 4 என்று சொல்லும் டைல்ஸை ஒருத்தரால நேராத் தள்ள முடியாது. அதுக்கு ரெயில் வகைதான்.

வேகத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். கை கட்டர் நிமிஷத்துக்கு 12,000 முதல் 13,000 சுத்து சுத்தும். வெட் சாவில் பெரும்பாலும் இண்டக்ஷன் மோட்டார், 2,900 சுத்து அளவுதான். ஆனா பிளேடு 200 மி.மீ, மோட்டார் கனம், அதிர்வு இல்லை. அந்த நிதானத்தினால்தான் விட்ரிஃபைட் ஓரம் சில்லு பேராம வருது. கார்பன் பிரஷ் மாத்துற வேலையும் இல்லை.

கடையில் நாலு கேள்வி கேளுங்க. முழு நீளம் எவ்வளவு வெட்டும்? 45 டிகிரி சாய்ச்சா எவ்வளவு ஆழம் இறங்கும்? 18 மி.மீ கிரானைட்டை 45-ல் வெட்ட, பிளேடு 25 மி.மீ-க்கும் மேல இறங்கணும். பம்பு தனியா வாங்கக் கிடைக்குமா? முதல்ல போறது பம்புதான். மாடிப்படியில ரெண்டு பேர் தூக்க முடியுமா?

வாங்கும் முன் ஒரு சோதனை. டைல்ஸ் ஒண்ணைக் குறுக்கே வெட்டுங்க. ரெண்டு துண்டையும் ஒரே நேர் சட்டத்துல ஒட்டி வைச்சு, ஒரு துண்டை மட்டும் முகம் கீழே இருக்கும்படி புரட்டி, வெட்டின ஓரங்களைச் சேருங்க. நடுவுல ஆப்பு மாதிரி இடைவெளி தெரிஞ்சா, மெஷின்ல மூலைமட்டம் இல்லை. தெரியுற இடைவெளி உண்மையான பிசகைவிட ரெண்டு மடங்கு என்பதால், கண்ணாலேயே கண்டுபிடிச்சிடலாம்.

மெஷினை விடப் பிளேடு முக்கியம்

வைரப் பிளேடு கத்தி மாதிரி வெட்டுவதில்லை, தேய்க்கிறது. வைரத் துகள்களை ஒரு உலோகக் கலவை பிடிச்சு வெச்சிருக்கும். உலோகம் கொஞ்சம் கொஞ்சமாத் தேய, புது வைரம் வெளியே வரும். கடினமான கல்லுக்கு, சீக்கிரம் தேயும் மெதுவான உலோகம் வேணும். மென்மையா, மணல்தன்மையா இருக்கிற கல்லுக்குக் கடினமான உலோகம் வேணும். மாத்திப் போட்டா என்ன ஆகும்? சாண்ட்ஸ்டோனுக்கான பிளேடை விட்ரிஃபைட்ல போட்டா, உலோகம் தேயாது, வைரம் மழுங்கி பிளேடு வழுக்கும். "புது பிளேடு வெட்டவே மாட்டேங்குது" என்று சொல்றது பல நேரம் இதுதான். சிமெண்ட் சாலிட் பிளாக்ல அஞ்சாறு தடவை தண்ணியோட வெட்டுங்க, மறுபடி கூர்மை வந்துடும்.

ஓரம் மூணு வகையில் வருது. ஓரம் முழுக்க இடைவெளி இல்லாமல் இருப்பது டைல்ஸுக்கு. அதுதான் சில்லு குறைவா வெட்டும், ஆனா தண்ணி கட்டாயம். பல்லு பல்லா, நடுவுல வெட்டு விட்டிருப்பது கிரானைட்டுக்கும் கான்கிரீட்டுக்கும். டர்போ ரெண்டுக்கும் நடுவுல.

பிளேடு மேல அச்சடிச்ச அதிகபட்ச சுத்தைப் படிங்க. 100 மி.மீ பிளேடுக்கு வழக்கமா 15,300, 125-க்கு 12,200. 13,000 சுத்துற கட்டர்ல கார்டைக் கழட்டிட்டு 5 இன்ச் பிளேடு மாட்டினா, பிளேடோட வரம்பு தாண்டிப் போச்சு. பிளேடு வெடிச்சா அது எந்தத் திசையில வரும்னு யாராலயும் சொல்ல முடியாது. கார்டு கழட்டுற வேலையை எந்த அவசரத்துக்கும் செய்யாதீங்க.

எல் கட் போடும்போது ஒரு பழக்கம் வெச்சுக்கோங்க. உள்மூலையில முதல்ல 6 அல்லது 8 மி.மீ ஓட்டை போட்டு, அந்த ஓட்டை வரைக்கும் மட்டும் வெட்டுங்க. கூரான உள்மூலையிலிருந்துதான் விரிசல் ஓடும். வட்ட ஓட்டை அதை நிறுத்தும்.

கரண்டும் தண்ணியும் ஒரே இடத்துல

தண்ணி முதல்லன்னு சொன்ன நான், இதைச் சொல்லாம போனா அநியாயம். டபுள் இன்சுலேஷன் என்று மெஷின்ல போட்டிருந்தா, தண்ணி புகாதுன்னு அர்த்தம் கிடையாது. உங்க எக்ஸ்டென்ஷன் போர்டுக்கே 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி போட்டுக்கோங்க. பழைய ஆளுங்க இ.எல்.சி.பி-ன்னு சொல்வாங்க. கசிவு ஏற்பட்ட நொடியில அது கரண்டை நிறுத்திடும். புது வீட்டுல தற்காலிக இணைப்புல இது இருக்கும்னு நம்பிப் போகாதீங்க, உங்க போர்டு உங்களோடவே வரணும். தினமும் காலையில டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்க.

போர்டு தரையில கிடக்கக் கூடாது, சுவர்ல ஆணியில தொங்கணும். ஒயர் மெஷின்ல இருந்து கீழே தொங்கி, அப்புறம் மேல ஏறி பிளக்குக்குப் போகணும். அப்பத்தான் ஒயர் வழியா வர்ற தண்ணி பிளக்குக்குள்ள ஏறாம கீழேயே சொட்டும். பிளேடு மாத்தும்போது சுவிட்சை அணைச்சா பத்தாது, பிளக்கைப் பிடுங்கணும். கால்ல ரப்பர் ஷூ.

ஓரம் தீட்டுறதும் பாலிஷும்

கிரானைட் படி ஓரம், சமையல் மேடை மோல்டிங்: கூலி நல்லா வர்ற இடம் இது. இதுக்கு வேகம் மாத்துற வசதியுள்ள வெட் பாலிஷர் வாங்குங்க. நடு வழியாத் தண்ணி வந்து பேடு நடுவுல கொட்டும். நிமிஷத்துக்கு 1,000 முதல் 4,000 சுத்து வரைக்கும் வெச்சுக்கலாம். சாதாரண கிரைண்டர் 11,000 சுத்துல ஓடும். அதுல வைர பேடை மாட்டினா, பேடுல இருக்கிற ரெசின் சூடாகி உருகி, கல் மேல கறையா ஒட்டிக்கும். பேடும் போச்சு, கல்லும் போச்சு.

பேடு வரிசை 50, 100, 200, 400, 800, 1500, 3000, கடைசியா பஃப். ஒவ்வொரு நம்பரோட வேலையும் முந்தின நம்பர் போட்ட கீறலை அழிக்கிறதுதான். 100-லிருந்து நேரா 800-க்குத் தாவினா, மேலே பளபளன்னு இருக்கும், ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்தா கோடு கோடாத் தெரியும். வீட்டுக்காரர் குடிவந்த பிறகு அதைப் பார்ப்பார், உங்களுக்கு போன் வரும். ஒவ்வொரு பேடுக்கும் நடுவுல கல்லைக் கழுவித் துடைங்க. 50-ஓட ஒரு துகள் தங்கினாலும் 800-ல கீறல் விழும்.

டைல்ஸ் ஓரத்துக்கு இவ்வளவு வேண்டாம். 45 டிகிரி மைட்டர் போட்டா, ஓரத்தைக் கத்தி மாதிரி கூரா விடாதீங்க, நுனியில ஒரு மி.மீ தட்டையா விடுங்க. கூர் நுனி முதல் இடியிலேயே பேரும். 200, 400 நம்பர் கைப் பேடைத் தண்ணியில நனைச்சு நாலு இழுப்பு இழுத்தாப் போதும். மார்பிள்ல மட்டும் ஒரு எச்சரிக்கை: சேறு காய்ஞ்சு போச்சுன்னு ஆசிட் ஊத்திக் கழுவாதீங்க. கால்சைட்டை ஆசிட் அரிக்கும், பாலிஷ் செத்துடும்.

கையில இருக்கிற காசை எந்த வரிசையில செலவழிக்கிறது?

முதல்ல கை டைல் கட்டர், ரெண்டு உபரிச் சக்கரம். அடுத்து ஆர்.சி.சி.பி போர்டு, மாஸ்க், கண்ணாடி, காதடைப்பு. மூணாவது, தண்ணி வசதியோட மார்பிள் கட்டர், அதுக்கு நல்ல பிளேடு ரெண்டு. மெஷின்ல கொஞ்சம் மிச்சம் பிடிச்சுப் பிளேடுல போடுங்க, பிளேடுல மிச்சம் பிடிக்காதீங்க. நாலாவது, கிரானைட் வேலை மாசாமாசம் வந்தா வெட் பாலிஷர். அதுவரைக்கும் ஓரத்தைக் கல் கடையிலேயே மோல்டிங் பண்ணி வாங்கிடுங்க. ரெயில் வெட் சா கடைசி. 2-க்கு 4 டைல்ஸும் மைட்டரும் தொடர்ந்து வரும்போது வாங்குங்க, அதுவரைக்கும் வாடகை. வாட்ஸை இந்த வரிசையில எங்கேயும் சொல்லலை, கவனிச்சிருப்பீங்க. டைல்ஸுக்கும் 18 மி.மீ கல்லுக்கும், நல்ல பிளேடும் தண்ணியும் இருந்தா, சந்தையில இருக்கிற சாதாரண 4 இன்ச் கட்டரோட பவர் போதும்.

வீட்டுக்காரர் "ஏம்ப்பா, வீடெல்லாம் சேறாகுதே, காய்ஞ்சபடியே வெட்டேன்"ன்னு சொல்வார். அவர்கிட்ட ரேட் பேசும்போதே ஒரு வரி சேர்த்துக்கோங்க: வெட்டுற இடம் வெளியே வராண்டாவிலோ மொட்டை மாடியிலோ, தண்ணியும் ஒரு பாயிண்ட்டும் நீங்க தரணும்.

சாயங்காலம் சேறு காயறதுக்குள்ள அள்ளிடுங்க. காய்ஞ்சா மறுபடி அதே தூசிதான். பிளோயரால ஊதாதீங்க, காய்ஞ்ச துடைப்பத்தால கூட்டாதீங்க, ஈரத்துணியாலத் துடைங்க. தொட்டித் தண்ணியை ஒரு டிரம்ல ஊத்தி ராத்திரி விட்டா, தூள் அடியில தங்கும். தெளிஞ்ச தண்ணியைச் செடிகளுக்குப் பக்கத்துல இல்லாம மண்ணுல விடுங்க. அடிச் சேறை இறுகினதும் கட்டடக் கழிவோட அனுப்புங்க. டிரைனேஜ்ல ஊத்தினா, குழாய் வளைவுல சிமெண்ட் மாதிரி கெட்டியாகி அடைக்கும்.

கடைசியா ஹெல்பர் தம்பிங்களைப் பத்தி ஒண்ணு. வெட்டுறவர் மாஸ்க் போட்டிருப்பார், டைல்ஸைப் பிடிக்கிற பையன் வெறும் முகத்தோட குந்தியிருப்பான். தூசி ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். இந்த நோய் பெரும்பாலும் பத்து வருஷம் கழிச்சுத்தான் தலைகாட்டும், தூசி ரொம்ப அதிகமா இருந்தா அதுக்கும் முன்னாடி. 18 வயசுல வேலைக்கு வர்ற பையனுக்கு, 30 வயசுல மாடிப்படி ஏற மூச்சு வாங்கக் கூடாது. மாஸ்க் வாங்கும்போது ஒரு பெட்டியா வாங்குங்க.

அடுத்த எபிசோடுல டைல்ஸ் ஒட்டுற அட்ஹெசிவ் பத்திப் பேசலாம். சைட்ல உங்களுக்கு வர்ற சந்தேகங்களை வாய்ஸ் மெசேஜா அனுப்புங்க.